நான் பசிக்காக மரம் அறுக்கவில்லை

சரவணா,

நேற்று நீ போன் பண்ணி, "இன்னாம்மா, கோவமா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று ஒரு பயம். நான் அழுதால் அதையும் நீ ரெக்கார்ட் பண்ணி எங்காவது போட்டுவிடுவாயோ என்று அதைவிடப் பெரிய பயம். பெற்ற பிள்ளையோடு பேசுவதற்கு ஒருத்தி இப்படியெல்லாம் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அதை முதலில் தெரிந்துகொள். ஆமாம், கோபமாகத்தான் இருக்கிறேன். உன் நைனா போன பிறகு இவ்வளவு கோபம் எனக்கு யார்மேலும் வந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது அழுகை வந்தால் பேனாவை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரலாம்.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனால் ஒளித்து எழுதவில்லை. உன் அக்கா தேவி படிக்கட்டும், தையல் கடையில் நளினி படிக்கட்டும், அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தவர்களும் படிக்கட்டும். ஊரெல்லாம் பார்க்கும்படி நீ என்னைப் பற்றி ஒன்று சொன்னாய். ஊரெல்லாம் பார்க்கும்படி நானும் பதில் சொல்ல வேண்டாமா?

பொங்கலுக்கு வந்தாய். எனக்கு ஒரு புடவை வாங்கி வந்திருந்தாய், மாம்பழ நிறத்தில் பச்சை பார்டர் போட்டது. ரொம்ப இளைத்திருந்தாய். மெஸ் சாப்பாடு என்றாய், நம்பினேன். மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் நான் பின்பக்கத்து அறையில் மரம் அறுக்கிற மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வாசற்படியில் வந்து நின்றாய். "அம்மா, நீ மரம் கட் பண்றத ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா? சும்மா, ஞாபகத்துக்கு." எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை நாளில் நீ அந்த அறைக்குள் வந்து நான் என்ன செய்கிறேன் என்று ஒருமுறை எட்டிப் பார்த்ததில்லை. ஓடிப்போய் நீ வாங்கித்தந்த புடவையை எடுத்தேன். "அது வேணாம்மா. அந்த வெளுத்துப்போன ஊதாப் பொடவ இருக்குதே, அதக் கட்டிக்கோ. நேச்சுரலா இருக்கும்" என்றாய். சரி, மரத்தூள் படும், பிள்ளை புதுப்புடவை வீணாகக் கூடாதென்று நினைக்கிறான் என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாய். கண்ணாடி இல்லாமல் அறுத்தால் விரல் போய்விடும் என்றேன். "அப்ப மெஷின ஆஃப் பண்ணிட்டு கைய மட்டும் அது மேல வெச்சிக்கோ" என்றாய். அதையும் செய்தேன்.

அதோடு விட்டாயா? பின்வாசலில் குந்தி உட்காரவைத்து, கிண்ணத்தில் பழைய சோற்றைக் கையில் கொடுத்தாய். உள்ளே வடையும் பாயசமும் இருந்தது, சரவணா. உனக்காகச் செய்தது. "தூரமா பாரும்மா, எதையோ நெனச்சிக்கிட்டு பாரு" என்றாய். பக்கத்து வீட்டுத் தென்னைமரத்தைப் பார்த்தேன். மிச்சமிருந்த வடை மாவு புளித்துப்போகுமே, ஃபிரிட்ஜில் வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தைத்தான் நீ ஊருக்குக் காட்டியிருக்கிறாய்.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன். பஜாரில் எப்போதும் நான் பூவன்பழம் வாங்குகிற அம்மா, அன்றைக்குப் பழத்தைப் பையில் போட்டுவிட்டு, "காசு இருக்கட்டும், நீ எடுத்துட்டுப் போ" என்றாள். ஏதோ வேண்டுதலாக இருக்கும் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனச வுட்றாதீங்கம்மா. கடவுள் ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிக் கண்கலங்கினாள். யாருக்கோ ஏதோ ஆகியிருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று தோன்றியது. உனக்குத்தான் என்னவோ என்று அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிட்டாய். உன் குரலைக் கேட்டதே போதும் என்று எனக்கு உயிர் வந்தது.

திண்டிவனம் ரோட்டில் நம் தையல் கடைக்குப் போனேன். நளினி கழுத்தில் டேப்போடு என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு துணியை வெட்ட ஆரம்பித்தாள். "இன்னாடி, எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க?" என்று கேட்டேன். "நீங்க இன்னும் பாக்கலியாக்கா?" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்துக் காட்டினாள்.

முதலில் நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. பிறகு நம் வீட்டின் பின்பக்கச் சுவர், காரை பெயர்ந்த இடமாகப் பார்த்து. டைல்ஸ் போட்ட கூடத்தை ஏன் எடுக்கவில்லை? பிறகு நான், ஊதாப் புடவையில், ஓடாத மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு. என் மெஷினின் சத்தத்தை எடுத்துவிட்டு அழுகிற புல்லாங்குழல் ஒன்றை வைத்திருந்தாய். கீழே எழுத்து ஓடியது. கணவனை இழந்தவர். பெற்ற பிள்ளைகள் இருந்தும் இல்லாத நிலை. கோட்டை அடிவாரத்தில் பசிக்காக மரம் அறுக்கும் தாய். கடைசியில், ஆதரவு தர விரும்புகிறவர்கள் கூப்பிட வேண்டிய எண். அது உன் எண். நளினிக்கும் அது யாருடைய எண் என்று தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஃபேனைக் கூட்டிவைத்தாள். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "இவங்கதானே அவங்க?" என்று கேட்டாள்.

நான் யார் என்று உனக்கே மறந்துபோனது போலிருக்கிறது. அதனால் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்து அந்தக் கடையில் தைத்தவள் நான். இந்த ஊரில் பாதிப் பேரின் கல்யாண ஜாக்கெட் என் கையில் தைத்தது. உன் நைனா பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே சம்பாதித்தார், நான் உட்கார்ந்துகொண்டே சம்பாதித்தேன், உங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்து இந்த வீட்டைக் கட்டினோம். யாரிடமும் கை நீட்டவில்லை. அவருக்குச் சிறுநீரகம் போய் ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டபோது கடையை நளினியிடம் விட்டுவிட்டு அவரோடு இருந்தேன். அவர் போன பிறகு திரும்பித் தைக்கப் போனால், கொக்கி வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. தவிர, எனக்கே அலுத்துவிட்டது. கை இறுக்கமாக இருக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது, பைப்பிங் இந்தக் கலர் இல்லை என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கொடுத்த அளவுக்கே வெட்டியாகிவிட்டது. யாரும் கேட்காத ஒன்றை, அளவே கொடுக்காத ஒன்றை, ஒருமுறையாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மெஷின் கண்ணில் பட்டது. ஸ்க்ரோல் சா என்றார்கள். மெல்லிய ரம்பம் ஒன்று தையல் ஊசி போலவே மேலும் கீழும் போகிறது. துணியைத் தள்ளுவது போலப் பலகையைத் தள்ளித் திருப்பினால் வளைவு வளைவாக வெட்டுகிறது. இது என் வேலைதான், துணிக்குப் பதில் மரம், அவ்வளவுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போனேன். கடைக்காரப் பையன் என் பின்னால் யாரையோ தேடினான்.

"சார் வரலியாம்மா?"

"எந்த சார்?"

"மெஷின் ஓட்டப்போறவரு."

"நான்தாம்பா ஓட்டப்போறேன். ப்ளேடு எப்படி மாட்டறதுன்னு காட்டு."

அவன் காட்டினான். அவனுக்கு முன்னால் நானே ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டிவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன். இந்தக் கதையை உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். நீ ம், ம் என்றாய். ப்ளேடு மாட்டிக் காட்டிய அந்தப் பெண்ணை வீடியோ எடுத்திருக்கலாமே, சரவணா? அவள் உன் கண்ணில் படவில்லையா?

எடுத்ததும் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ப்ளேடு பட்பட்டென்று உடையும். பலகை துள்ளும். பேரை வெட்டினால் எழுத்தின் நடுவில் இருக்கிற துண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடும். நளினி மகள் யாழினிக்குக் காது குத்தினபோது அவள் பேரை ஒரே பலகையில் கோர்த்து வெட்டினேன். அந்த 'ழி' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? எங்கே இழை விட்டால் எழுத்தும் கெடாது, துண்டும் விழாது என்று கார்பன் பேப்பரில் திரும்பத் திரும்ப வரைந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தபோது அந்தக் குழந்தை அதைத் தூக்கி வாயில் வைத்துக் கடித்தது. அதைவிட எனக்கு வேறென்ன கூலி வேண்டும்? எதையும் நான் விற்றதில்லை. பிழைக்கத் தெரியாமல் இல்லை. விலை பேசுவது எனக்கு நன்றாகவே தெரியும். இதற்கு மட்டும் பேச வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்ட முடிவு அது.

இப்போது ஜெயந்தி சிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அவளை ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரியில் உன் நைனாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், தளவானூர்க்காரி. ஊசி போடும்போதெல்லாம் அவருக்கு வலி தெரியாமல் இருக்கட்டும் என்று சின்ன வயதில் தான் வளர்த்த ஆட்டின் கதையைச் சொல்வாள். தளவானூர் குகைக்கோயில் பாறைமேல் அது ஏறி நின்றுகொண்டு இறங்காதாம். இவள் கீழே நின்று அழுவாளாம். ஆடு இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளுமாம். உன் நைனா, முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்புறம் இன்னா பண்ணிச்சும்மா உன் ஆடு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். அவர் கடைசியாகச் சிரித்தது அந்த ஆட்டுக்காகத்தான். நீ அப்போது லீவு கிடைக்கவில்லை என்று சென்னையில் இருந்தாய். அதற்கு நான் உன்னைக் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

மெஷின் கைக்குப் பழகியதும் நான் முதலில் வெட்டிய உருவம் அந்த ஆடுதான். தேக்குப் பலகையில் பாறை, பாறைக்குள் குகைவாசல், மேலே ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆடு. அந்தக் கால் உடைந்துகொண்டே இருந்தது. மரத்தின் ரேகை குறுக்கே போகிற இடத்தில் அத்தனை மெல்லிசாக வெட்டினால் நிற்காது என்று பிறகுதான் புரிந்தது. பலகையைத் திருப்பிப் போட்டு, கால் ரேகையோடு ஓடும்படி படத்தை மறுபடி வரைந்து வெட்டினேன். நின்றது. ஜெயந்தி சிஸ்டர் அதைக் கையில் வாங்கியதும் நர்ஸ் என்பதை மறந்து, டியூட்டி அறையில் எல்லாரும் பார்க்க, "ஐயோ, இது என் கருப்பிதான்" என்று கத்தினாள்.

போன வாரம் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். கையில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். ஆடு.

"இன்னா சிஸ்டர் இது? உடஞ்சிடுச்சா?"

"இல்லம்மா." துண்டை மடிக்க ஆரம்பித்தாள். "நீங்க இவ்ளோ கஷ்டத்துல இருக்கும்போது நான் பாட்டுக்கு இத வாங்கிட்டுப் போயி சுவத்துல மாட்டி வெச்சிருக்கேன். வீடியோவப் பாத்ததுலருந்து எனக்கு சோறு எறங்கல. இத வித்தா ஒரு மாசத்துக்காவது ஆவும்மா. வெச்சிக்கோங்க."

சரவணா, அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒருத்திக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியை நீ அவள் கையிலிருந்து பிடுங்கி என் மேஜைமேல் வைத்துவிட்டாய். அவள் ஏதோ ஏழையிடம் பிடுங்கித் தின்றவள்போல என் எதிரில் தலைகுனிந்து நிற்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினேன். "பாரு சிஸ்டர், நிறைய இருக்குது. பாரு, இது பருப்பு. இது எண்ணெய்" என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். என் வயதில், நான் கட்டிய வீட்டில், சாப்பிட அரிசி இருக்கிறது என்று ஒருத்திக்கு மூடியைத் திறந்து நிரூபிக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தாய். அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சும்மா சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஆட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு அவள் இருக்கிற குவார்ட்டர்ஸுக்கு நடந்தே போனேன். கதவைத் திறந்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே போனேன். சுவரில் ஆணி அப்படியே இருந்தது, அதைச் சுற்றி வெள்ளையாக ஆடு மாட்டியிருந்த தடம். அந்த ஆணியிலேயே மாட்டினேன்.

"அம்மா, இதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்மா" என்றாள்.

"உறுத்தினா வீட்டுக்கு வந்து என்கூட ஒக்காந்து சாப்டு. உறுத்தறது போற வரைக்கும் வா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மீன்குழம்பு வைத்தேன். சாப்பிட்டாள். ஆனால் முன்னே மாதிரி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை, எனக்கு மிச்சம் இருக்குமோ இருக்காதோ என்று சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்தப் பார்வை அவளிடமிருந்து எப்போது போகும் என்று நீ சொல்.

இதற்கிடையில் வேன் ஒன்று வந்தது. பேனரைக் கட்டிக்கொண்டு நாலைந்து பேர் இறங்கினார்கள். அரிசி மூட்டையை என் கையில் வைத்து, எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வேண்டாம் என்றேன். "ஒரு நிமிஷம் புடிங்கம்மா, போட்டோ மட்டும் எடுத்துக்கறோம்" என்றார்கள். போட்டோவுக்கு மட்டும் பசியோடு இருக்க வேண்டுமாம். தெருவே வேடிக்கை பார்த்தது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் வழி கேட்டுக்கொண்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு மேஜை நிறைய ஒரே மாதிரிப் பலகைகள் வேண்டும், எல்லாவற்றிலும் 'அன்புடன்' என்று வெட்டித் தரவேண்டும் என்றார். உங்கள் மகளை எனக்குத் தெரியாதே ஐயா, எப்படி வெட்டுவது என்றேன். ஏழைக்கு இவ்வளவு திமிரா என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். ஒருவருக்கு ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அவரை உற்றுப் பார்க்க வேண்டும். அவர் எதற்குச் சிரிப்பார், எது அவர் சுவரில் இருந்தால் தினமும் ஒருமுறை நின்று பார்ப்பார் என்று தெரிய வேண்டும். நீ என்னைப் பார்க்கவே இல்லை. உன் போனில் நான் எப்படித் தெரிந்தால் நாலு பேர் அழுவார்கள் என்று பார்த்தாய்.

என்னை விடு. உன் அக்காவை நினைத்தாயா? பெற்ற பிள்ளைகள் இருந்தும் இல்லாத நிலை என்று எழுதினாயே, அந்தப் பிள்ளைகளில் தேவியும் ஒருத்தி. சனிக்கிழமை தவறாமல், கட்டிக்கொடுத்த இடமான பக்கத்து அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் துணியைத் துவைத்து, மருந்து டப்பாவை அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவள். அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுந்து நின்று, "மிஸ், உங்க அம்மாவுக்கு நீங்க சோறு போட மாட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறது. குழந்தைக்கு என்ன தெரியும், வீட்டில் பேசினதைக் கேட்டிருக்கும். தேவி பாடத்தை நிறுத்திவிட்டுப் பாத்ரூமில் போய் நின்று அழுதாளாம். அவள் மாமியார் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஊருக்கு நாங்க இன்னா பதில் சொல்றதும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. கடைத்தெருவில் எண்ணெய் வியாபாரம் பண்ணுகிற குடும்பம். நாலு பேர் கேட்கிறார்கள். சம்பந்தியம்மாவைப் பட்டினி போட்டுவிட்டு நீங்கள் எண்ணெய் விற்கிறீர்களா என்று.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது, நேற்றுக்கு முன்னால் இன்னொரு தடவை, நீ போன் பண்ணினாய். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அம்மா, செம ரீச்மா. ஞாயித்துக்கெழம ஒரு டீம் வராங்க. நீ பலகையத் தோள்ல தூக்கிக்கிட்டு ராஜகிரி படில ஏர்ற மாதிரி ஒரு ஷாட் வேணுங்கறாங்க." என் முட்டி எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கோட்டைமேல் போய் எதற்கு மரம் அறுக்க வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வரக்கூடாது என்றேன். "ஒரே ஒரு தடவம்மா, எனக்காக" என்றாய். அந்த "எனக்காக" என்ற வார்த்தையில் ஏதோ உடைந்து கேட்டது. கோபத்தில் அதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அது என்னவென்று தேவி சொன்ன பிறகுதான் புரிந்தது.

உன்னைத் திட்டுவதற்காகத்தான் அவள் உனக்குப் போன் போட்டாள். உன் அறையில் தங்கியிருக்கிற பையன் எடுத்திருக்கிறான், நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். வேலை நாளில், பதினோரு மணிக்கு. இவள் அவனிடமே கத்த ஆரம்பித்ததும் அவன் சொல்லிவிட்டான். "அக்கா, அவனத் திட்டாதீங்க. தீவாளிக்கு முன்னாடியே வேல போயிடுச்சு. ரெண்டு வேளைதான் சாப்புடறான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

தேவி இதை என்னிடம் சொன்னபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறாயா? கூடிவிட்டது. தீபாவளிக்கு வந்தாய், சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தாய், எனக்குப் புடவை வாங்க எங்கே கை நீட்டினாயோ, அதையும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பயந்துபோய் நான் கூப்பிட்டபோது மீட்டிங் என்றாய். என் வீட்டில் டிரம் நிறைய அரிசி இருக்கிறது, நீ சென்னையில் ஒரு வேளையை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறாய். பசிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்குப் பசிக்கிறது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்ல வந்ததா? பசி உன்னுடையது. முகம் மட்டும் என்னுடையதை எடுத்துக்கொண்டாய்.

வேலை போனது உன் தப்பா, கம்பெனி தப்பா, எனக்குத் தெரியாது. அது கேவலம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தில் அதை மறைக்காமல் எழுதுகிறேன், எல்லாரும் படிக்கலாம் என்று தெரிந்தே எழுதுகிறேன். கைவேலை இருக்கிற வீட்டில் வேலை போகும், வரும். உன் நைனாவை ஒருமுறை டிப்போவில் சஸ்பெண்ட் பண்ணி வைத்திருந்தார்கள். அவர் அன்றைக்கே நேராக என் கடைக்கு வந்து, காத்திருந்த பெண்களுக்கு முன்னால், "வேல போச்சு, பொத்தான் தெக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஊசியை எடுத்தார். வேலையில் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரைக்கும் கோணல்மாணலாகப் பொத்தான் தைத்தார். நான் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன். அவர் மகன் நீ.

ஆகவே கேட்டுக்கொள். அந்த வீடியோவை எடுத்துவிடு. எவ்வளவு பேர் பார்த்தார்கள், நிறுத்தினால் என்ன நஷ்டம் என்று எனக்குச் சொல்லாதே. உன் எண்ணுக்கு வந்த பணத்தை யார் யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே திருப்பி அனுப்பு. செலவாகியிருந்தால் மறைக்காமல் சொல், நானும் நீயும் சேர்ந்து திருப்பித் தருவோம், என் மெஷினை விற்றாவது. அந்த டீமை வரவேண்டாம் என்று சொல். உன் அறையைக் காலி பண்ணிவிட்டுக் கிளம்பு. வேலையை இங்கிருந்தே தேடு, மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு தேடு.

ஆனால் நேராக இங்கே வராதே. முதலில் அனந்தபுரம் போ. உன் அக்கா வீட்டுக் கூடத்தில், அவள் மாமியாரும் மாமனாரும் இருக்கும்போது நின்று பேசு. போனில் பேசாதே, எழுதி அனுப்பாதே, அக்காவை விட்டுச் சொல்லச் சொல்லாதே. உன் வாயால் சொல்ல வேண்டியது மூன்று. எங்க அம்மா பட்டினி இல்ல. அந்த வீடியோவ எடுத்துப் போட்டது நான்தான். எனக்கு வேல போயிடுச்சு. முதல் இரண்டையும் நீ எப்படியாவது சொல்லிவிடுவாய், உனக்குப் பேச்சு வரும். மூன்றாவதுதான் தொண்டையில் நிற்கும். அதனால் அதை முதலில் சொல்.

சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் செஞ்சிக்கு வா. சோறு போடுகிறேன். கோபத்தோடுதான் போடுவேன், பேசமாட்டேன். நீ சாப்பிடு.

அம்மா